கல்வத்தில் வைத்த குங்குமம்

ஆனையூரில் சிவபாண்டியின் பட்டறையைத் தேடி வருகிறவர்கள் முத்துச்செல்வி டூவீலர் ஒர்க்ஸ் எங்கே என்றுதான் கேட்க வேண்டும். பெண்டாட்டி பெயரில் கடை வைக்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர். பாங்கிக்குப் பயந்து வைப்பார்கள், ஜோசியர் சொன்னாரென்று வைப்பார்கள். சிவபாண்டி பெருமைக்கு வைத்தான். கீழே பட்டறை, மேலே வீடு. மாடிப்படி தொடங்குகிற இடத்தில் 'முனைவர் சி. முத்துச்செல்வி, வேதியியல்' என்று ஒரு பித்தளைத் தகட்டைப் பதித்திருந்தான். வெள்ளிக்கிழமைதோறும் அதைப் புளி போட்டுத் தேய்ப்பதும் அவன்தான்.

வண்டியை விட வருகிறவர்கள் பாடு திண்டாட்டம். கார்புரேட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பேச்சை எங்கெங்கோ சுற்றி வீட்டுக்காரியின் ஆராய்ச்சியில் கொண்டுவந்து நிறுத்திவிடுவான். கரும்புக் கட்டை வைத்து அவள் ஒரு தரம் அவனுக்கு விளக்கியிருந்தாள். அதை அப்படியே ஒப்பிப்பான். சில பொருள்களில் இரண்டு அணுக்களை மூன்று கட்டுப் போட்டு இறுக்கி வைத்திருக்கும். அதில் ஒரு கட்டை மட்டும் அவிழ்த்தால் வாசனைத் திரவியத்துக்கு ஆகும், வைட்டமின் மாத்திரைக்கு ஆகும். இன்னொன்றையும் சேர்த்து அவிழ்த்துவிட்டால் குப்பையில்தான் கொட்ட வேண்டும். அவிழ்க்கிற வேலை ஹைட்ரஜன் வாயுவுடையது. ஆனால் அது தானாக வேலை செய்யாது. பக்கத்தில் ஓர் உலோகம் நின்று வேலை வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் அந்த உலோகம் வந்தபடியே ஒதுங்கிக்கொள்ளும். அதற்குப் பெயர் வினையூக்கி. ஒரு கட்டோடு நிறுத்து என்று ஹைட்ரஜனை அதட்டி வைக்கிற வினையூக்கியைச் செய்வதுதான் முத்துச்செல்வியின் ஆயுள்கால வேலை.

"அந்த உலோகத்துக்குப் பேரு பல்லேடியம்ண்ணே. ஒங்க புது வண்டி சைலன்சருக்குள்ளயும் துளியூண்டு இருக்கு, அதுதேன் பொகையச் சுத்தம் பண்ணுது. பாருங்க, நானும் அவளும் ஒரே தொழில்தேன்" என்று முடிப்பான். பிரேக் கேபிள் மாட்ட வந்த மனிதர் தலையாட்டிக்கொண்டு நிற்பார்.

ஒரு கட்டோடு நிறுத்துகிற வினையூக்கி ஏற்கனவே இருக்கிறது. பல்லேடியத்தோடு ஈயத்தைச் சேர்த்துவிட்டால் அதன் முறுக்கு அடங்கி, சொன்ன இடத்தில் நிற்கும். ஆனால் ஈயம் விஷம். பிள்ளைகளின் மூளைக்குக் கேடு, தண்ணீருக்குக் கேடு. பெட்ரோலில் இருந்து அதை ஏன் எடுத்தார்கள் என்பது மெக்கானிக்கான சிவபாண்டிக்கே தெரியும். ஈயமே இல்லாமல் அந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று பல நாட்டில் பல பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, அலங்காநல்லூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் கரும்பு வெட்டிய மலைச்சாமி, ராமக்காள் பெற்ற மகள்.

அவள் படித்த கதையைச் சொன்னால் விடிந்துவிடும். எம்.எஸ்ஸி. முடிக்கும்போது அத்தை மகன் சிவபாண்டிக்குக் கட்டிவைத்தார்கள். பத்தாவதோடு ஸ்பேனரைப் பிடித்தவன், இவளை மேலே படிக்க விடமாட்டான் என்றுதான் சொந்தபந்தம் நினைத்தது. அவனோ, கல்லூரியில் ஹைட்ரஜன் சிலிண்டர் தீர்ந்து, ஏஜென்சிக்காரர் வாரக் கணக்கில் இழுத்தடித்தபோது, கப்பலூர் தொழிற்பேட்டை வரைக்கும் சரக்கு ஆட்டோ பிடித்துப்போய்ச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு வந்தவன். முதலில் நிக்கலில் செய்து பார்த்தாள், பிறகு தாமிரத்தில், கடைசியில் பல்லேடியத்தில். நிக்கல் இரண்டு கட்டையும் அவிழ்த்தது. தாமிரம் எதையும் அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தது. அந்தத் தோல்விகளையும் அவள் கட்டுரையாக எழுதிப் போட்டாள். எதற்கு என்று கேட்டால், இந்தப் பாதை அடைத்திருக்கிறது என்று ஒருத்தராவது சொல்லிவைக்க வேண்டாமா என்பாள். இப்படி ஒரு மனுஷி தனக்கு வாய்த்தாளே என்று சிவபாண்டி அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வான்.

பல்லேடியத்தை எதன் மேலாவது பூசித்தான் பயன்படுத்த முடியும். அதற்குக் கரும்புச் சக்கைச் சாம்பலை எடுத்தாள். வெல்லம் காய்ச்சுகிற கொட்டகையில் சக்கையைத்தான் எரிப்பார்கள். அந்த அடுப்புச் சாம்பலை அவள் அம்மா ராமக்காள் சாக்கில் கட்டி, பஸ்ஸில் லக்கேஜ் டிக்கெட் எடுத்துக் கொண்டுவந்து இறக்கினாள். சாம்பலுக்கு டிக்கெட்டா என்று கண்டக்டர் சிரித்தாராம். அதைக் கழுவி, சலித்து, பல்லேடியக் கரைசலில் ஊறப்போட்டு, காயவைத்து, மருந்து அரைக்கிற குழிக்கல்லான கல்வத்தில் அரைத்து, உலையில் சுட்டு ஒரு கண்ணாடிப் புட்டியில் நிரப்பினார்கள். அரைத்தது ஹம்சவேணி. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆராய்ச்சி செய்த முத்துச்செல்வியிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்த சௌராஷ்டிரப் பெண். திருநகரில் வீடு. அப்பா ஹரிராமுக்குச் சுங்குடிச் சேலை வியாபாரம். அரிசியில் கல் பொறுக்குவது போல வேலை செய்கிற பிள்ளை.

அந்தப் புட்டிப் பொடி சொன்ன பேச்சைக் கேட்டது. சொன்ன இடத்தில் நின்றது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஒரு கட்டோடு நின்றது. மாதக் கணக்கில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள், ஒரு தரம்கூட ஏமாற்றவில்லை. கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. ஹம்சவேணி பெயர் முதலில், முத்துச்செல்வி பெயர் கடைசியில். உள்ளூர்ப் பேப்பர்க்காரர்கள் கரும்புச் சாம்பலில் உலக சாதனை என்று போட்டார்கள். காளை மாட்டுப் படமாகவே ஃபிளெக்ஸ் அடித்துப் பழகிய ஊரில் முத்துச்செல்வியின் முகத்தை ஆளுயரத்துக்கு அடித்து வைத்தார்கள். பழக்க தோஷத்தில் மூலையில் ஒரு காளையையும் போட்டிருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலைக்கு அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டு ஓலை வந்தது. தனி ஆய்வுக்கூடமே கையில் வரும். அது அவளுக்குத்தான் என்று போட்டிக்கு நின்றவர்களே பேசிக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் அசாமில் இருந்து ஒரு மெயில் வந்தது.

கவுகாத்திப் பக்கம் ஏதோ ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி பண்ணுகிற பெண். உங்கள் கட்டுரையைப் பார்த்து நானும் செய்கிறேன், எனக்கு வரவில்லை, எத்தனை தரம் செய்தாலும் இரண்டு கட்டும் அவிழ்ந்துவிடுகிறது, என் கையில்தான் கோளாறு என்று எங்கள் சார் சொல்கிறார், நான் எங்கே தப்புச் செய்கிறேன் என்று தயவுசெய்து சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள். முத்துச்செல்வி அதை மேலுக்குப் படித்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. பழைய புட்டியில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. அதைத் தொடாமல் எடுத்து வைத்துவிட்டு, புதுச் சாம்பலில் புதிதாகச் செய்து பார்த்தாள். வரவில்லை. அம்மாவிடம் சொல்லி அதே கொட்டகைச் சாம்பலை வரவழைத்துச் செய்தாள். அதுவும் வரவில்லை. ஹம்சவேணி தனியாகச் செய்தாள், இவள் தனியாகச் செய்தாள். இருவருக்கும் இரண்டு கட்டும் அவிழ்ந்தது.

பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. ஆய்வுக்கூடத்து ஃபேன் அனலைத்தான் இறக்கியது. அவள் வீட்டுக்கு வந்தும் சோற்றைப் பிசைந்தபடி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். கருவாட்டுக் குழம்பு வைத்த அன்றைக்குக்கூட மறுசோறு கேட்கவில்லை என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளலாம். பழைய புட்டியில் மிச்சமிருந்த பொடியில் ஒரு சிட்டிகையை, என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வெளியூருக்கு அனுப்பினாள். முடிவு வந்தது. அதில் ஈயம் இருந்தது. ஒன்றிரண்டு துகள் இல்லை, பல்லேடியத்தைக் கட்டிப்போடப் போதுமான அளவு இருந்தது. ஈயமில்லாத வினையூக்கி என்று உலகத்துக்குச் சொன்ன பொடியில் ஈயம்.

எங்கிருந்து வந்தது என்பதுதான் அடுத்த தலைவலி. தண்ணீரைச் சோதித்தாள், பல்லேடிய உப்பைச் சோதித்தாள், சாம்பலைச் சோதித்தாள், குழாயைக்கூடச் சுரண்டிச் சோதித்தாள். எதிலும் இல்லை. ஹம்சவேணி பயந்துபோய், தான்தான் எதையோ கொட்டிவிட்டேனோ என்று தினமும் கேட்டாள். இல்லம்மா என்று இவள் தினமும் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கல்யாண வீட்டுச் சாப்பாட்டை முடித்துவிட்டு இருவரும் வீட்டில் இருந்தார்கள். சிவபாண்டி போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவன், அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று ஒரு படத்தைக் காட்டினான். முந்தின வருஷத்துக்கும் முந்தின வருஷத்து ஆயுத பூஜை. பட்டறைக்குப் பூஜை போட்ட கையோடு அவன் அவள் ஆய்வுக்கூடத்துக்கும் போவது வழக்கம். அன்று லீவு நாள், ஹம்சவேணி வீட்டுப் பூஜைக்குப் போயிருப்பாள். முத்துச்செல்வி ஏதாவது வேலையாக உட்கார்ந்திருப்பாள். இவன் இஷ்டத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரிகடலை வைத்து, படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவான். உலைக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, சிலிண்டருக்குப் பொட்டு. ஆட்டுக்கல் குழிக்குள் பொட்டு வைத்துப் பழகிய குடும்பம் அவனுடையது. மேஜையில் இருந்த அந்தக் கல்வத்தின் குழிக்குள்ளும் தாராளமாக ஒன்று வைத்திருந்தான். படத்தில் அது செக்கச்செவேலென்று தெரிந்தது.

முத்துச்செல்வி போனை வாங்கி அந்தக் கல்வத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மச்சான், அந்தக் குங்குமம் எங்க வாங்குனீங்க?"

"பூசைக்கின்னு கடையில பாக்கெட் போட்டு வச்சிருப்பாய்ங்கள்ல, அது. மிச்சம் பட்டறை சாமி படத்துக்குப் பின்னாடி கெடக்கும். ஏன் செல்வி?"

நல்ல குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்வது. நெற்றிக்கு வைக்கிறவர்கள் பார்த்து வாங்குவார்கள். எந்திரத்துக்கு வைப்பதை யார் பார்த்து வாங்குகிறார்கள்? மலிவுச் சரக்கில் நிறம் தூக்கலாகத் தெரிய ஈயச் செந்தூரத்தைக் கலப்பதுண்டு. பூஜை முடிந்த மறுநாள்தான் அந்தப் பொடியை மொத்தமாக அரைத்தார்கள். கல்வத்தை யாரோ துடைத்துத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் கழுவவில்லை. ஒரே கல்வம், ஒரே அரைப்பு, ஒரே புட்டி. அதனால்தான் ஒரு வருஷமாக ஒரு தரம்கூட ஏமாற்றவில்லை.

பாக்கெட்டை எடுத்துக்கொண்டுபோய்ச் சோதித்தாள். இருந்தது. அதோடும் விடவில்லை. புதுப் பொடியில் அந்தக் குங்குமத்தை ஒரு துளி சேர்த்து அரைத்து, சுட்டு, ஹைட்ரஜனை உள்ளே விட்டுப் பார்த்தாள். ஒரு கட்டோடு பெட்டிப்பாம்பாக அடங்கி நின்றது. தன் கோட்டையைத் தானே இடித்து, அஸ்திவாரம் வரைக்கும் தோண்டிப் பார்த்துவிட்டாள். இத்தனை சுத்தமாக அவள் எந்தச் சோதனையையும் செய்ததில்லை என்று ஹம்சவேணி பின்னால் சொன்னாள்.

அன்று சாயங்காலம் பட்டறைக்கே வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த டயர் மேல் உட்கார்ந்து சிவபாண்டியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கையில் இருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. பெண்டாட்டியின் பெயரை வாசலில் எழுதி வைத்தவன், அவள் பெயரைக் கெடுத்தவனும் தானா என்று அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்கு அன்று சோறு இறங்கியிருக்கும். அவள் திட்டவில்லை.

"இப்ப என்ன செய்யப் போற?" என்றான்.

"கட்டுரைய வாபஸ் வாங்கப் போறேன்."

"இன்டர்வியூ வருதே."

"வரட்டும்."

சிவபாண்டி எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவள் பக்கத்தில் வந்து குத்தவைத்தான்.

"செல்வி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிடாத. இது ஒனக்கும் எனக்கும்தேன் தெரியும். இன்டர்வியூ முடியட்டும். வேலையில ஒக்காந்துட்டுப் பைய சொல்லிக்கிருவோம். நம்மளப் போல வீட்டுல பெறந்தவுக ஒரு தப்புப் பண்ணுனா ஒண்ணுன்னா எண்ணுவாய்ங்க? ஒம்பதுன்னுல எண்ணுவாய்ங்க. அந்தப் பிள்ள ஹம்சவேணி பட்டமும் இதுலதான தொங்குது. அதையாச்சும் நெனச்சுப் பாரு."

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அது அவனைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில், கரும்பு வெட்டுகிற கைக்குக் கண்ணாடிச் சாமான் பிடிபடுமா என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். அதைக் கேட்ட அன்றைக்கு ஒரு சாமான்கூட உடையாமல் பார்த்துக்கொள்வதற்காக இரண்டு கையாலும் பிடித்து வேலை செய்தவள் அவள்.

"அந்த அசாம் பிள்ள என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா மச்சான்? கை சரியில்லன்னு அவுங்க சார் சொல்றாராம். தப்பு எங்கிட்ட இருக்கு. கை சரியில்லங்குற பேரு அவளுக்கு. நான் வேலைக்குப் போயி ஒக்காந்து, பைய சொல்ற வரைக்கும் அவ அந்தப் பேரோட இருக்கணுமா? அந்தப் பேரு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ல."

சிவபாண்டி எழுந்தான். ஷட்டரை மறுபடி மேலே தள்ளிவிட்டான்.

வாபஸ் கடிதத்தை அவளும் ஹம்சவேணியும் சேர்ந்து எழுதினார்கள். எவ்வளவு ஈயம், எப்படிக் கண்டுபிடித்தது, குங்குமத்தைச் சேர்த்தபோது என்ன ஆனது என்று ஒன்றையும் விடவில்லை. ஆய்வுக்கூட வழக்கப்படி பூஜைக்குக் கல்வத்தில் வைத்த குங்குமத்தில் இருந்து வந்தது, ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பு என்ற முறையில் தவறு என்னுடையது என்று முத்துச்செல்வி எழுதினாள். வைத்தது யார் என்று ஹம்சவேணியிடம் சொன்னாள், கடிதத்தில் எழுதவில்லை. புருஷன் பெயர் ஊர் வாயில் விழ வேண்டாம் என்று நினைத்தாள். தப்பைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டால் எல்லாம் முடிந்தது என்பது அவள் எண்ணம். அசாம் பெண்ணுக்கு, பத்திரிகையில் வருவதற்கு முன்னாலேயே தனியாக எழுதிவிட்டாள்.

நேர்முகத்தில் நடந்ததை அவளே சுருக்கமாகத்தான் சொன்னாள். இருபது வருஷத்து வேலையைப் பற்றி இரண்டு கேள்வி, குங்குமத்தைப் பற்றி மிச்சம் எல்லாக் கேள்வியும். ஒருவர் விபூதி வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டாராம். இவள் பதறாமல், விபூதியில் சுண்ணாம்புச் சத்துதான் இருக்கும், பல்லேடியத்தை ஒன்றும் செய்யாது என்று பாடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வேலை வேறொருவருக்குப் போனது. ஊரில் ஃபிளெக்ஸை இறக்கி யாரோ கோழிக் கூண்டுக்கு மேலே போட்டுக்கொண்டார்கள். மறுநாள் காலையில் அவள் வழக்கம் போல எட்டு மணிக்குக் கல்லூரிக்குப் போய், ஆய்வுக்கூடத்துச் சாமான் அத்தனையையும் அமிலத்தில் ஊறப்போட்டு முதலில் இருந்து ஆரம்பித்தாள். அவளைச் சைக்கிள் செயின் மாதிரி என்று சொல்லலாம். கழன்றால் அழாது. மாட்டிவிட்டால் ஓடும்.

ஆனி மாதத்துக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறை வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. ஹரிராம் இறங்கினார், பின்னால் அவர் மனைவி ராதாமணி, அப்புறம் ஹம்சவேணி. ராதாமணி கையில் தூக்குச்சட்டி இருந்தது. முள்முருங்கை வடை சுட்டுக் கொண்டுவந்திருந்தார். சண்டைக்கு வருகிறவர்கள் வடை சுட்டுக்கொண்டு வரமாட்டார்கள். ஆனாலும் ஹம்சவேணியின் முகம் வீங்கியிருந்ததைப் பார்த்ததும் சிவபாண்டி கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்தான். இஞ்சின் எண்ணெய் கையோடு அவர்கள் பின்னாலேயே மாடி ஏறினான்.

முத்துச்செல்வி உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். ஹரிராம் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு, வீட்டுக்காரியிடம் அவர்கள் பாஷையில் ஏதோ மெதுவாகச் சொன்னார். ராதாமணி நீங்களே பேசுங்கள் என்பது போலத் தலையசைத்தார். விஷயம் இதுதான். பட்டம் வாங்கியதும் வரச்சொல்லியிருந்த ஹைதராபாத் கம்பெனிக்காரர்கள் இப்போது வேண்டாம் என்றுவிட்டார்கள். கட்டுரையில் முதல் பெயர் ஹம்சவேணி, பொடியை அரைத்ததும் ஹம்சவேணி. ஆகவே குங்குமத்தை வைத்ததும் அவள்தான் என்று எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள். கல்லூரி கேன்டீனில்கூட அவளுக்குக் குங்குமம் என்று பெயர் வைத்தாகிவிட்டது.

"மேடம், குறை சொல்ல வரல. பட்டம் லேட்டானா ஆகட்டும், அவ உங்ககிட்டயே இருக்கட்டும். வேற இடத்துல சேருன்னு நாங்க சொல்ல மாட்டோம். ஆனா கை சுத்தமில்லாத பொண்ணுன்னு சொல்றாங்க மேடம். நீ வச்சியான்னு கேட்டா இல்லங்குறா. அப்ப யாருன்னு கேட்டா, மேடம் சொல்லாத ஒண்ண நான் எப்படிச் சொல்றதுன்னு அழுகுறா. அவ இல்லன்னு மட்டும் நீங்க நாலு பேருக்கு எழுதிக் குடுத்தாப் போதும்."

முத்துச்செல்விக்கு முகம் வெளிறிவிட்டது. யாரோ ஒரு பெண் ஆயிரம் மைலுக்கு அப்பால் கெட்ட பேரோடு இருக்கக் கூடாது என்று தனக்குக் கிடைக்க இருந்த வேலையையே விட்டவள், பக்கத்தில் நின்ற பெண்ணின் தலையில் அதே பேர் இறங்கியதைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தாள். சிவபாண்டியைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். கல்யாணம் ஆன நாளில் இருந்து எந்த உண்மைக்கும் அவள் இப்படித் தயங்கி அவன் பார்த்ததில்லை. அந்தத் தயக்கம் தனக்காக என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்குப் பட்டறையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவன் உண்மையை மூடி வைக்கப் பார்த்த அதே நிலையில் இப்போது அவள் இருந்தாள்.

"வச்சது நாந்தேண்ணே" என்றான் சிவபாண்டி.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாந்தேன் வச்சேன். ஒங்க பிள்ள அன்னிக்கு அங்கிட்டு வரவே இல்ல. பட்டறைப் பூசைக்கு வாங்குன பாக்கெட்ட எடுத்துக்கிட்டுப் போயி, அந்தக் கல்லுக்குள்ள வச்சது இந்தக் கைதேன். போட்டாகூட இருக்கு."

முத்துச்செல்வி, நான் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் எதற்கு என்று தடுக்கப் பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னான்.

"அந்த அசாம் பிள்ளைக்காக நீ எழுதுனேல்ல. இந்தப் பிள்ளைக்காக நான் சொல்றேன். நாலு பேருக்கு எழுதுறதெல்லாம் பத்தாது. எதுல வாபஸ் வாங்குனியோ, அதுலயே போடச் சொல்லு. என் பேரப் போட்டு, இன்னார் வச்சதுன்னு போடணும். ஹம்சவேணி, தாயி, அங்கன கம்ப்யூட்டர் இருக்கு, எடுத்து எழுது. சிவபாண்டி, டூவீலர் மெக்கானிக், ஆனையூர்."

ஹம்சவேணி மேடத்தைப் பார்த்தாள். முத்துச்செல்வியின் கண் கலங்கிவிட்டது. அதைத் துடைக்காமலே, எழுதும்மா என்றாள். அப்புறம், "அதுக்குக் கீழ ஒரு வரி என்னது. யாரு வச்சதுன்னு எனக்குத் தெரிஞ்சும் முதல்லயே எழுதாம விட்டேன், அதனால ஹம்சவேணிக்குக் கெட்ட பேரு வந்துச்சுன்னு சேத்துப் போடு" என்றாள்.

ஹரிராம் எழுந்து வந்தார். சிவபாண்டியின் தோளைத் தொட்டார். எங்கள் கடையில் தராசில் இருந்து கத்திரிக்கோல் வரைக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது நான்தான் தம்பி, எனக்கும் இதேதான் தோன்றியிருக்கும் என்று சொன்னார். ராதாமணி தூக்குச்சட்டியைத் திறந்து, கையில் கிடைத்த தட்டில் வடைகளை எடுத்து வைத்தார்.

ஹம்சவேணி எழுதி முடித்துவிட்டு, அண்ணே, உங்க பேரு சரியா இருக்கான்னு பாருங்க என்று கூப்பிட்டாள். இருபது வருஷமாக முத்துச்செல்வி எழுதிய கட்டுரைகளில் எத்தனையோ பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறாள். ஊர் உலகத்துப் பெரிய மனிதர்களின் பெயரெல்லாம் இருக்கிறது. சிவபாண்டியின் பெயர் எதிலும் வந்ததில்லை. வர வேண்டும் என்று அவனுக்கும் தோன்றியதில்லை. இப்போது வந்திருக்கிறது, குற்றவாளியாக. அவன் திரையில் எண்ணெய் படாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றான்.

பின்னால் கட்டியிருந்த அந்தக் கையை யாரோ பற்றினார்கள். அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கிரீஸும் கரியுமாக இருந்த அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டு முத்துச்செல்வி அழுதுகொண்டிருந்தாள். அழுகை நின்ற பிறகும் அவள் விடவில்லை.